மனநல மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்?

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவு வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தால் ஒன்று தெரியும். கையில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்பவர்களில் நேராக இங்கே வந்தவர்கள் குறைவு. நெஞ்சு படபடக்கிறது என்று போய் இ.சி.ஜி. எடுத்திருப்பார்கள், நார்மல். வயிற்றில் எரிச்சல் என்று போய்க் குழாய் விட்டுப் பார்த்திருப்பார்கள், நார்மல். தலை பாரமாக இருக்கிறது என்று கண் டாக்டர், பிறகு ஸ்கேன். அதற்கு நடுவே குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன், தெரிந்தவர் சொன்ன இடத்தில் மந்திரிப்பு, கையில் ஒரு கயிறு. எல்லாம் முடிந்து, சேமித்த பணமும் கரைந்த பிறகு யாரோ ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருப்பார்: "ஒரு தடவை மனநல டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்களேன்."

அந்த ஒரு பேச்சு வந்து சேர மாதங்கள் ஆகின்றன, சிலருக்கு வருடங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை எதுவும் பெறாமல் இருந்தார்கள். டாக்டர் பற்றாக்குறை ஒரு காரணம். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் டாக்டர் இருக்கும் ஊரிலும் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே என்ன செய்வார்களோ என்ற பயம் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. பயத்தைத் தாண்டிப் போனவர்களிலும் பலர் இரண்டாவது வாரத்திலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டாவது வாரம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்த இரண்டு வகையினருக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு

பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் 1794இல் தொடங்கப்பட்டு, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய மனநலக் காப்பகம் நெடுங்காலம் உயர்ந்த சுவர்களுக்குள் இருந்தது. உள்ளே போனவர் திரும்ப மாட்டார் என்ற எண்ணம் அந்தச் சுவரிலிருந்து வந்தது. நம் சினிமா அதை நகைச்சுவையாக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது மருத்துவமனைகூட இல்லை, கொட்டகை. இருந்தும் தமிழ்நாட்டில் மனநோய் என்றதும் பலர் கண்ணுக்குள் வந்து நிற்பது அந்தச் சங்கிலிதான்.

அதே கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். ஓய்வுக்குப் பிறகு 1984இல், மனச்சிதைவு நோயாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்தபடியே சிகிச்சை பெற வேண்டும் என்று சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். இன்றைய மனநலச் சிகிச்சை அவர் காட்டிய பக்கம் நகர்ந்திருக்கிறது. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். படுக்கையில் சேர்ப்பது மிகச் சிலரைத்தான்.

யாரைப் பார்ப்பது?

ஊரில் "நரம்பு டாக்டர்" என்று ஒரே பேரில் எல்லாரையும் அழைப்பதால் குழப்பம். வலிப்பு, பக்கவாதம், நடுக்கம் இவற்றைப் பார்ப்பவர் நரம்பியல் மருத்துவர். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு. பேச்சு வழியாகச் சிகிச்சை தருவதற்கும் உளவியல் சோதனைகள் நடத்துவதற்கும் பயிற்சி பெற்றவர் அவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாத்திரை எழுத மாட்டார். பலருக்கு இருவருமே தேவைப்படும். வாசலில் "கவுன்சலிங்" என்று பலகை மாட்டியிருக்கும் எல்லாரும் இந்த இரண்டில் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கதவுக்கு உள்ளே

முதல் சந்திப்பில் நடப்பது முக்கால்வாசி பேச்சுதான். தனியார் கிளினிக்கில் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அரசு மருத்துவமனையில் கூட்டத்தைப் பொறுத்துக் குறையும். சில இடங்களில் முதலில் பயிற்சி மருத்துவரோ சமூகப் பணியாளரோ விவரமெல்லாம் எழுதிக்கொண்டு, பிறகு பெரிய டாக்டரிடம் அனுப்புவார்கள்.

"என்ன பிரச்னை?" என்று கேட்டதும் அழுகை வந்தால் வரட்டும். அந்த அறையில் அது தினமும் நடப்பது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் உடம்பிலிருந்து தொடங்குங்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்பவைதான் டாக்டரின் முதல் கேள்விகளாகவும் இருக்கும். படுத்ததும் தூக்கம் வராதது ஒரு வகை. தூங்கிவிட்டு விடியற்காலை 3 மணிக்கு விழித்துக்கொண்டு, பொழுது விடிய வேண்டாமே என்று கிடப்பது வேறு வகை. அவருக்கு அந்த வித்தியாசம் முக்கியம். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் எப்படி இருந்தீர்கள், வேலை எப்படிப் போகிறது, பிடித்த விஷயங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா என்று நகர்வார். பெண்களிடம் மாதவிலக்கு, பிரசவம் பற்றிக் கேட்பார். குழந்தை பிறந்த சில வாரங்களில் வரும் மனச்சோர்வை "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அவர் ஒதுக்க மாட்டார்.

குடி, புகை, போதை பற்றிக் கேட்பார். இங்கே பொய் சொன்னால் நஷ்டம் நமக்குத்தான். சில மாத்திரைகளும் மதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்கும்போது பல வீடுகளில் ஓர் அமைதி விழும். திடீரென்று ஊரைவிட்டுப் போன சித்தப்பா, கிணற்றடியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி, "வயிற்று வலி தாங்காமல்" இறந்ததாகச் சொல்லப்பட்ட அத்தை. சொல்லிவிடுங்கள். எந்த நோய், எந்த மருந்து கேட்கும் என்று கணிக்க அந்தத் தகவல் உதவும்.

சில கேள்விகள் விநோதமாக இருக்கும். இன்று என்ன கிழமை? 100இல் 7 போனால் எவ்வளவு, அதில் இன்னொரு 7 போனால்? யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா? உங்களை யாராவது கண்காணிப்பதாகத் தோன்றுகிறதா? வங்கி அதிகாரியானாலும் வாத்தியாரானாலும் கேட்பார்கள். உங்களை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனம், ஞாபகம், நடப்புணர்வு ஆகியவற்றைச் சோதிக்கும் முறை அது. மனச்சோர்வைக் காட்டிக் கொடுக்கும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை கிடையாது. டாக்டரின் கண்ணும் காதும் இந்தக் கேள்விகளும்தான் கருவிகள்.

இன்னொரு கேள்வியும் நிச்சயம் வரும். "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" கூட வந்திருக்கும் அம்மா பதறுவார். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது நம் ஊரில் வேரோடிய நம்பிக்கை. அது தவறு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மனதுக்குள் அதைச் சுமந்துகொண்டிருப்பவருக்குச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. தோன்றியிருந்தால் ஆமாம் என்று சொல்லுங்கள். சொன்னவுடன் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் வியக்க வேண்டாம். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 வைட்டமின் பற்றாக்குறை இருந்தாலும் சோர்வும் மறதியும் வரும். அவற்றை முதலில் விலக்க வேண்டும். வயதான காலத்தில் முதன்முறையாகக் குணம் மாறினாலோ தலையில் அடிபட்டிருந்தாலோ ஸ்கேனும் தேவைப்படலாம்.

போகும் முன் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது: என்னென்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எவை. சித்த மருந்து, ஹோமியோபதி, லேகியம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை, எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய சீட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட வருகிறவர்கள்

நம் ஊரில் யாரும் தனியாக டாக்டரிடம் போவதில்லை. அதில் நன்மை உண்டு. நோயாளி கவனிக்காத மாற்றங்களை வீட்டார் கவனித்திருப்பார்கள். ஆனால் டாக்டர் பெண்ணைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்குக் கணவரும், மகனைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு அப்பாவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் நோய் பிடிபடாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் தானாகவே வீட்டாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்வார். அப்போது கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போவது வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "பல் டாக்டரைப் பார்க்கப் போறோம்" என்று பொய் சொல்லி அழைத்து வருவதும், காபியிலும் ரசத்திலும் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதும் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கின்றன. வேறு வழி தெரியாத தாயின் தவிப்பு புரிகிறது. ஆனால், யாரோ தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படும் ஒருவர், ஒரு நாள் டம்ளரின் அடியில் மாத்திரைத் துகளைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு அந்த வீட்டில் யார் கையாலும் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டார். வர மறுப்பவருக்காக முதலில் வீட்டார் மட்டும் டாக்டரைப் போய்ப் பார்க்கலாம். எப்படிப் பேசி அழைத்து வருவது என்று அவரே வழி சொல்வார். "உனக்குப் பைத்தியம்" என்று தொடங்கினால் யார் வருவார்கள்? "நீ ராத்திரி தூங்கவே இல்லையே, அதுக்காவது ஒரு டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் வருகிறவர்கள் உண்டு. தூக்கம் போனது உண்மை. அதில் பொய் எதுவும் இல்லை.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகலாமா? போகட்டும். திருச்சிக்கு அருகில் குணசீலத்தில் 48 நாள் தங்கி வழிபடும் மரபு இன்றும் இருக்கிறது. நம்பிக்கை தரும் தெம்பை டாக்டர்களும் மறுப்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், கட்டிப்போடும் இடத்தில் விடாதீர்கள் என்பதுதான் வேண்டுகோள்.

அந்த முதல் மூன்று வாரங்கள்

மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்த பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. எஸிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் என்ற பெயர்களில் ஒன்று அதில் இருக்கலாம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகம் எழுதப்படுபவை. இவை தலைவலி மாத்திரையின் வேகத்தில் கேட்பதில்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முழுப் பலனுக்கு இன்னும் கூடுதலாக. பக்கவிளைவுகளோ முதல் நாளிலேயே வந்துவிடும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, கைகால் நடுக்கம், தூக்கம் கெடுவது, சிலருக்குப் பதற்றம் முன்பைவிடக் கூடுவது. ஆக, முதல் இரண்டு வாரம் தொந்தரவு மட்டும் இருக்கும், பலன் இருக்காது. இதை யாரும் சொல்லாமல் அனுப்பினால் நோயாளி என்ன நினைப்பார்? மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார். பிறகு வேறு டாக்டர், வேறு மாத்திரை, அதே இரண்டு வாரம், அதே நிறுத்தம். மூன்று டாக்டரைப் பார்த்தும் குணமாகவில்லை என்று சொல்கிறவர்களில் எத்தனையோ பேர், எந்த மருந்தையும் அதற்குத் தேவையான காலம் சாப்பிடாதவர்கள்.

இந்த விஷயத்தில் குறையை நோயாளி மீது போட நான் தயாராக இல்லை. நாள் ஒன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கும் இரண்டு வாக்கியம் சொல்ல நேரம் உண்டு: "முதல் வாரம் கொஞ்சம் படுத்தும். மூணாவது வாரத்திலேருந்து பாருங்க." அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? எத்தனை நாளில் பலன் தெரியும்? என்னென்ன பக்கவிளைவு வரலாம்? எது வந்தால் உடனே உங்களிடம் வர வேண்டும்? எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்? ஐந்தே கேள்விகள். இவற்றைக் கேட்டால் எரிந்து விழும் டாக்டரை மாற்றிக்கொள்ளுங்கள். தொந்தரவு தாங்க முடியாமல் போனாலோ, இருப்புக்கொள்ளாமல் தவித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூடினாலோ, குறிப்பாக இளவயதினருக்கு, அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

பேசக் கூச்சப்படும் ஒரு பக்கவிளைவு தாம்பத்திய ஆர்வம் குறைவது. இந்த மாத்திரைகளில் அது பலருக்கு வருகிறது. டாக்டரும் சொல்வதில்லை, நோயாளியும் கேட்பதில்லை. சத்தமில்லாமல் மாத்திரை குப்பைக்குப் போகிறது. சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். மனச்சிதைவுக்கான மருந்துகளில் சில எடையைக் கூட்டும், சில கைகால்களை விறைக்க வைக்கும், சில மாதவிலக்கை நிறுத்தும். இவற்றுக்கும் மாற்று வழிகள் உண்டு. இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை.

"பழகிடுமே, ஆயுசுக்கும் விட முடியாதே" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் குரல். மேலே சொன்ன மனச்சோர்வு மருந்துகள் போதையாகப் பழகுவதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். முதல்முறை வந்த மனச்சோர்வுக்கு, குணமான பிறகும் 6 முதல் 9 மாதம்வரை தொடரச் சொல்வது வழக்கம். இடையில் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தியவர்கள்தான் திரும்ப வந்து வரிசையில் நிற்கிறார்கள். மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் காலம் இன்னும் நீளும். உண்மையில் பழகிவிடக்கூடியவை அல்பிரஸோலாம், குளோனஸிபாம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகள். அவற்றைச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவார்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், குறிப்பாகப் பெரியவர்கள். அவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி மெல்லக் குறைக்க வேண்டும்.

எல்லாருக்கும் மாத்திரை தேவை என்பதும் இல்லை. லேசான மனச்சோர்வு, பதற்றம், ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி இவற்றில் பேச்சுச் சிகிச்சைக்கு உறுதியான பலன் உண்டு. வாரம் ஒருமுறை, பல வாரங்கள். அதை எல்லாருக்கும் தரும் அளவுக்கு நம் அரசு மருத்துவமனைகளில் உளவியலாளர்கள் இல்லை என்பது பெரிய குறை. அரசு இதற்குப் பணியிடங்களைக் கூட்டியே ஆக வேண்டும்.

"கரன்ட் ஷாக்" பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு தண்ணீரை மறுத்து உயிர் ஊசலாடும் கடும் மனச்சோர்விலும், அசைவற்று உறைந்து போகும் நிலையிலும் அது உயிர் காக்கும் சிகிச்சை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே தர வேண்டும் என்பது இப்போது சட்டம். அவை இல்லாமல் தருவது தடை செய்யப்பட்டது. சில நாட்களின் ஞாபகம் மங்கலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். சினிமாவில் வருகிற கட்டிலும் கதறலும் அங்கே இல்லை.

சட்டம் உங்கள் பக்கம்

"வெளியே தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா? வேலை போயிடுமா?" என்ற கேள்விக்கு 2018இல் நடைமுறைக்கு வந்த அதே மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது. உங்கள் நோய், சிகிச்சை பற்றிய தகவலை, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவமனை வெளியிடக் கூடாது. ஒருவருக்கு மனநோய் என்று கண்டறிந்ததை மட்டும் வைத்து, நீதிமன்றம் அறிவிக்காத வரை, அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது. உங்கள் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கலாம். சங்கிலியால் கட்டுவது குற்றம். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். பிற்காலத்தில் நோய் முற்றி முடிவெடுக்க இயலாமல் போனால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், யார் என் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் வழி உண்டு. ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்ப்பதற்குக் கடும் நிபந்தனைகள் இருக்கின்றன. தொடக்கத்தில் 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம்.

ஊர் வாயை எந்தச் சட்டமும் மூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சிகிச்சை எடுக்காமல் முற்றிய நோயைத்தான் ஊர் முதலில் பார்க்கிறது. நேரத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டக் குழு, வட்டார மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. எந்த நாள் என்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். நேரில் போகத் துணிவு வரவில்லை என்றால் முதலில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடத் தோன்றுகிற இரவிலும் இதே எண்தான்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அந்த ஐந்து கேள்விகளையும் எழுதி எடுத்துப் போங்கள். அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் அந்த அறையை விட்டு வராதீர்கள். அந்தத் தேதியில், உடம்பு தேறியிருந்தாலும் தேறாவிட்டாலும், திரும்பப் போங்கள்.